குளிர்ந்த நீர் என்று பெயர் பெற்ற ஆறு: நைரோபியில் நடந்தது என்ன?

கென்யாவின் தலைநகருக்குப் பெயர் கொடுத்ததே அங்கே ஓடும் ஆறுதான். மாசாய் மக்கள் தங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய இடம் அது. ‘எங்காரே நைரோபி’ என்றார்கள். குளிர்ந்த நீர் என்று பொருள். இன்று அந்த ஆறு நகரத்தின் கிழக்கே கொரோகோச்சோ குடிசைப் பகுதியைத் தாண்டும்போது கறுத்துப்போய், நுரை தள்ளிக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில்களையும் துணிக் கழிவுகளையும் சுமந்துகொண்டு போகிறது.

ஒரு சிற்றாறு இந்த நிலைக்கு எப்படி வந்தது, அதைச் சுத்தம் செய்ய இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த முயற்சிகள் ஏன் நிலைக்கவில்லை என்று பார்ப்பதே இந்த ஆய்வு. நைரோபி ஆற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் குப்பையிலிருந்து தொடங்குவார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். எனக்கோ குப்பையைவிடக் குழாய்தான் முக்கியம் என்று படுகிறது. நகரத்துக்குள் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது, கழிவு எந்தக் குழாயில் வெளியேறுகிறது, அந்தக் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிட்டது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் ஆற்றின் கதையில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

பிறக்கும் இடம்

நைரோபிக்கு மேற்கே, கியாம்பு மாவட்டத்தில் கிகுயு என்ற ஊரை ஒட்டி ஒண்டிரி என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர். மேலே பார்த்தால் கோரையும் புல்லும் மண்டிய தரைபோல இருக்கும். கால் வைத்தால் தரையே ஆடும். தண்ணீர்மேல் மிதக்கும் செடிகொடிகளின் மெத்தை அது. நைரோபி ஆறு இங்கேதான் பிறக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் வாக்கில் உயரம், நல்ல மழை, சிவப்பு மண். இங்கிருந்து கிழக்கு நோக்கி நிலம் சரிந்துகொண்டே போகிறது.

நைரோபியில் ஓடுவது ஒரே ஓர் ஆறு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கைவிரல்களை விரித்து வைத்ததுபோலப் பல ஓடைகள் மேற்கிலிருந்து கிழக்கே வருகின்றன. வடக்கே கத்தாராயினி, ருவாகா, மத்தாரே, நடுவில் நைரோபி, தெற்கே கோங் ஆறு. எல்லாம் கடைசியில் ஒன்று சேர்ந்து அத்தி ஆற்றில் விழுகின்றன. அந்த அத்தி ஆறு கலானா என்றும் சபாக்கி என்றும் பெயர் மாறி, சாவோ காட்டைக் கடந்து, மலிண்டிக்கு வடக்கே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. கென்யாவில் தானா ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு அது.

மண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நகரத்தின் மேற்குப் பக்கம் சிவப்பு மண், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிழக்குப் பக்கம் கரிசல். மழை பெய்தால் உப்பி, ஒட்டி, தண்ணீரைக் கீழே விடாது. பணக்காரர்களின் நைரோபி சிவப்பு மண்ணில் இருக்கிறது. ஏழைகளின் நைரோபி கரிசலில் இருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததில்லை.

ரயில் வந்த பிறகு

1896-ல் மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை, பெரும்பாலும் பஞ்சாபிகளை, கப்பலில் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அந்த வேலையிலேயே இறந்துபோனார்கள். 1899 மே மாதக் கடைசியில் தண்டவாளம் இந்தச் சதுப்பு வெளியை எட்டியது. மலைச்சரிவில் ஏறுவதற்கு முன்னால் கிடைத்த கடைசிச் சமதளம் இது. தண்ணீரும் பக்கத்திலேயே ஓடியது. ரயில் கிடங்கு அமைக்க இவ்வளவு போதும். ஊர் அமைக்க இது நல்ல இடமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கொசுவும் சேறும் நிறைந்த தாழ்வான நிலத்தில் ஊர் முளைத்துவிட்டது.

1902-ல் பிளேக் வந்தது. இந்தியர்களின் கடைத்தெருவை அதிகாரிகள் தீ வைத்து அழித்தார்கள். ஊரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் 1905-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையகமே இங்கு வந்துவிட்டது. சதுப்பை வற்றவைக்க ஜான் ஐன்ஸ்வொர்த் என்ற அதிகாரி யூகலிப்டஸ் மரங்களை நட்டுவைத்தார். ஆற்றுப் பாலத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

1913-ல் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் என்ற சுகாதார வல்லுநரை வரவழைத்தார்கள். அதற்கு முன் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். நோய் பரவாமல் இருக்க ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் மூவரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். சுகாதாரத்தின் பெயரால் நகரம் மூன்றாக வகுக்கப்பட்டது. மேற்கே உயரமான, மரங்கள் அடர்ந்த மேடுகள் ஐரோப்பியர்களுக்கு. ஙாராவும் பார்க்லாண்ட்ஸும் ஆசியர்களுக்கு. கிழக்கே, தாழ்வான கரிசல் நிலம், புமுவானி தொடங்கி ஆப்பிரிக்கர்களுக்கு.

நிலம் கிழக்கே சரிகிறது என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் ஆற்றில் மேலே விழுவதெல்லாம் கீழே யார் வாசலுக்கு வரும் என்பதும் அன்றே முடிவாகிவிட்டது. விடுதலை 1963-ல் வந்தது. இனத்தின் பெயரால் போட்ட கோடு வருமானத்தின் கோடாக அப்படியே நின்றது. மத்தாரே ஆற்றைப் பார்த்தால் இது சட்டென்று புரியும். முத்தைகாவின் பெரிய பங்களாக்களையும் கோல்ஃப் மைதானத்தையும் தாண்டிச் சிறிது தூரம் வந்தால், அதே ஆற்றின் இரு கரையிலும் மத்தாரே பள்ளத்தாக்கின் தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

நகரம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது?

என் பார்வையில் இந்த ஆய்வின் மையம் இதுதான்.

தொடக்கத்தில் ஊருக்குத் தண்ணீர் இந்த ஆற்றின் பக்கமிருந்தே, கிகுயு ஊற்றுகளிலிருந்தே வந்தது. ஊர் பெருகப் பெருக அது போதவில்லை. ருயிரு அணை, பிறகு சசுமுவா அணை, கடைசியில் 1994-ல் முடிந்த ண்டகாயினி அணை என்று தண்ணீர் தேடும் இடம் தூரம் தள்ளிக்கொண்டே போனது. ண்டகாயினி இருப்பது முராங்கா மாவட்டத்தில், அபர்டேர் மலைத்தொடரின் அடிவாரத்தில். நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. அது தானா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த தண்ணீர். நைரோபி ஆற்றுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

இதனால் இரண்டு நடந்தன. ஒன்று, ஆறு என்ன ஆனாலும் வசதியுள்ள வீட்டின் குழாயில் எந்த மாற்றமும் தெரியாது. ஆற்றிலிருந்து குடிக்கும் ஊர், ஆறு நாறினால் மறுநாளே தெருவுக்கு வரும். நைரோபிக்கு அப்படி வரவேண்டிய கட்டாயம் இல்லாமல் போய்விட்டது. இரண்டாவது, வேறொரு படுகையின் தண்ணீர் முழுவதும் இங்கே வந்து, பயன்பட்ட பிறகு, கழிவாக இந்த ஆற்றின் பக்கம்தான் இறங்குகிறது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் சுமார் எண்பது விழுக்காடு சாக்கடையாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. சிற்றாறு ஒன்று தன் சொந்தத் தண்ணீரைவிட அதிகமான கழிவைச் சுமக்க வேண்டிவந்தது இப்படித்தான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், மழை இல்லாத நாள்களில், கிழக்கு நைரோபியில் ஓடுவதை ஆற்று நீர் என்று சொல்வதைவிடச் சாக்கடை நீர் என்று சொல்வதே பொருத்தம்.

2019 கணக்கெடுப்பில் நைரோபியின் மக்கள்தொகை 43,97,073. பாதாள சாக்கடை இணைப்பு சுமார் பாதிப் பேருக்குத்தான் எட்டியிருக்கிறது. மீதிப் பேர் கழிவுநீர்த் தொட்டியையும் குழிக் கழிப்பறையையும் நம்பியிருக்கிறார்கள். கரிசல் மண்ணில் குழிக் கழிப்பறை தோண்டினால் தண்ணீர் இறங்காது, சீக்கிரம் நிரம்பிவிடும். அதை அள்ளிப்போகும் லாரி குடிசைகளுக்கு இடையே நுழையாது. ஆட்கள் வாளியில் அள்ளிப் பீப்பாயில் ஊற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோய், அருகில் எது இருக்கிறதோ அதில் கொட்டுகிறார்கள். அருகில் இருப்பது ஆறு. கழிப்பறையே இல்லாத இடங்களில் இரவில் பையில் கழித்து வீசிவிடுவார்கள். ‘பறக்கும் கழிப்பறை’ என்ற சொல் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதியில் இதற்கென்றே பிறந்தது. இதற்கு அந்தப் பெண்களையும் குழந்தைகளையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் கொட்டகையை விட்டு வெளியே போவதற்கு அவர்கள் படும் அச்சம் உண்மையானது.

குழாய் இருக்கும் இடங்களும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அடைத்துக்கொண்ட குழாய், உடைந்த குழாய், அனுமதி இல்லாமல் மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்ட அடுக்குமாடிக் கழிவு எல்லாம் ஆற்றில்தான் முடிகின்றன. மேற்கே வசதியானவர்கள் வாழும் கிலேலேஷ்வாவிலும் கிலிமானியிலும் ஒரு பங்களா நின்ற மனையில் இன்று பன்னிரண்டு மாடி எழும்புகிறது. அன்று அந்த ஒரு வீட்டுக்காகப் போட்ட குழாய் இன்றும் அதே குழாய்தான். ஆற்றைக் கெடுப்பவர்கள் என்றால் குடிசைவாசிகள் என்று நினைக்கும் வழக்கம் நைரோபியிலும் உண்டு. மேலே இருப்பவரின் பங்கு தெரியாமல் போகக் காரணம், அது தரைக்கடியில் போய்ச் சேர்வதுதான்.

கீழே போகப் போக

அருங்காட்சியக மேட்டின் அடியில், சிரோமோ பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி ஆறு வரும்போது இன்னும் மரநிழல் இருக்கிறது. அங்கிருந்து கீழே கிரின்யாகா சாலை. வண்டிப் பட்டறைகளின் தெரு அது. கென்யாவில் இப்படித் திறந்தவெளியில் தொழில் செய்பவர்களை ‘ஜுவா காலி’ என்பார்கள். சுவாஹிலியில் கொளுத்தும் வெயில் என்று பொருள். வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய் தரையில் ஊறி, மழையோடு ஆற்றில் இறங்கும். அடுத்து கரியகோர். முதல் உலகப் போரில் சுமைதூக்கச் சேர்க்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் ‘கேரியர் கோர்’ முகாம் இருந்த இடம். அந்த ஆங்கிலப் பெயர் மருவி ஊர்ப்பெயராகிவிட்டது. அதைத் தாண்டினால் கிகோம்பா. வெளிநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளுக்கு நாட்டிலேயே பெரிய சந்தை. விற்காமல் கழிந்த துணி கரையில் அடுக்கடுக்காகப் படிந்து கரையாகவே ஆகிவிடுகிறது.

தெற்கே கோங் ஆற்றின் கதை வேறு. 1953-ல் கட்டிய நைரோபி அணையில் ஒரு காலத்தில் பாய்மரப் படகுகள் விட்டார்கள். கிபேராவின் கழிவு அதில் இறங்கி, ஆகாயத்தாமரை மூடி, இப்போது பார்த்தால் அது ஏரி என்றே தெரியாது. அணைக்குக் கீழே ஆறு தொழிற்பேட்டைக்குள் நுழைகிறது. சாயமும் உலோகக் கழிவும் எண்ணெயும் சேர்கின்றன. 2011 செப்டம்பர் 12 அன்று இங்கே சினாய் என்ற குடிசைப் பகுதியில் எரிபொருள் குழாய் கசிந்தது. பெட்ரோல் மழைநீர் வடிகால் வழியாக ஆற்றுப் பக்கம் ஓடியது. மக்கள் அதைப் பிடித்துக்கொள்ள வாளியும் டப்பாவுமாக ஓடினார்கள். தீப்பிடித்தது. சுமார் நூறு பேர் இறந்தார்கள். உடம்பில் தீயோடு ஆற்றில் குதித்தவர்களும் பிழைக்கவில்லை. வடிகாலுக்கும் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓரடி இடைவெளிகூட இல்லாத இடத்தில் ஒரு குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

நைரோபி ஆறும் மத்தாரே ஆறும் கிழக்கே வரும் பகுதியில் டான்டோரா. 1975-ல் உலக வங்கியின் உதவியோடு, கைவிடப்பட்ட கல்குவாரியை நிரப்பக் குப்பைக் கிடங்கு தொடங்கினார்கள். 2001-ல் நிரம்பிவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் பிறகும் லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. குவாரிப் பள்ளம் மேடாகி, மேடு மலையாகி, மலையின் சரிவு ஆற்றுக்குள் சரிகிறது. ஆளுயர மராபு நாரைகள் குப்பைமேல் நிற்கும். பக்கத்திலேயே ஆண்களும் பெண்களும் இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்குவார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கிடங்கைச் சுற்றி வாழும் 328 குழந்தைகளைச் சோதித்ததில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் ஈயத்தின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. குழந்தையின் உடம்பில் ஏறிய ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிறகு சரிசெய்ய முடியாது. அந்த அமைப்பின் உலகத் தலைமையகம் இருப்பது இதே நைரோபியில்தான். அது இருக்கும் கிகிரியிலிருந்து டான்டோராவுக்கு ஒரே காலையில் போய்த் திரும்பிவிடலாம்.

டான்டோராவுக்கும் கீழே ருவாயில் நகரத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 1,60,000 கன மீட்டர் வரை ஏற்கும்படி கட்டியவை. அங்கே போய்ச் சேர வேண்டிய கழிவு வழியிலேயே ஆற்றில் இறங்கிவிடுகிறது என்பதுதான் சிக்கல். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மைலி சாபா, ஞிரு பக்கம் விவசாயிகள் சாக்கடைக் குழாயை அடைத்து, ஆள்நுழைவுக் குழி வழியாகக் கழிவைப் பொங்கவிட்டு வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆண்டு முழுவதும் வற்றாத தண்ணீர். உரமும் சேர்ந்தே வருகிறது. விளைவது பெரும்பாலும் ‘சுகுமா விகி’ கீரை. வாரத்தைத் தள்ளு என்று அர்த்தம். கையில் காசு குறையும்போது வாரக் கடைசிவரை ஓட்ட உதவும் கீரை என்பதால் வந்த பெயர். இந்தக் கீரை நகரத்துச் சந்தைகளுக்கே திரும்புகிறது. எந்தக் கட்டு எங்கே விளைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மேற்கு நைரோபி ஆற்றை மறந்துவிட்டாலும் ஆறு அவர்கள் தட்டுக்கே வந்துவிடுகிறது.

வெள்ளம் வந்த இரவு

2024-ல் மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்காலம் மிகக் கடுமையாக இருந்தது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாள்களில் மத்தாரே ஆறு கரை தாண்டியது. தகரக் கொட்டகைகளின் கூரைமேல் ஏறி நின்று மக்கள் கத்திய காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பருவத்தில் கென்யா முழுவதும் இறந்தவர்கள் முந்நூறை நெருங்கினார்கள்.

மே மாதம் புல்டோசர்கள் வந்தன. ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளைக் காலிசெய்ய அரசு உத்தரவிட்டது. மத்தாரேயிலும் முகுருவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. குடும்பத்துக்கு 10,000 ஷில்லிங் உதவித்தொகை என்று அறிவித்தார்கள். மழை இன்னும் நிற்காத நேரம் அது. ஆற்றோரத்தில் வீடு இருப்பது ஆபத்து என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆறு பொங்கினால் முதலில் போவது அந்த வீடுதான். ஆனால் மாற்று இடம் காட்டாமல் இடித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? இன்னொரு ஓடையின் கரைக்குத்தான். ஒரு சில மாதங்களில் அதே கரைக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு.

அந்த 30 மீட்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006-ல் வந்த நீர்த்தர விதிகளின்படி, ஆற்றில் பதிவான உச்ச வெள்ள மட்டத்திலிருந்து இரு பக்கமும் குறைந்தது 6 மீட்டர், அதிகம் போனால் 30 மீட்டர் விட வேண்டும். நில அளவைச் சட்டம், நகரமைப்புச் சட்டம், நீர்ச் சட்டம் எல்லாம் தனித்தனி அளவு சொல்கின்றன. எந்த அளவுகோலை எடுப்பது என்பது பல சமயம் எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் நிலைமை சற்று மாறியது. ஆற்றின்மேல் கட்டிய பெரிய வணிக வளாகங்களையே இடித்தார்கள்; வெஸ்ட்லாண்ட்ஸின் யூகே சென்டரும் லங்காட்டா சாலையின் சவுத் எண்ட் மாலும் சில நாள்கள் இடைவெளியில் தரைமட்டமாயின. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று மக்கள் நம்பத் தொடங்கிய நேரம். சில மாதங்களில் வேகம் குறைந்து, நின்றே போனது. 2024-ல் இடிபட்டவை மறுபடியும் குடிசைகள்.

சுத்தம் செய்தவர்களின் வரிசை

முயற்சியே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1999-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நைரோபி ஆற்றுப் படுகைத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் கரூரா காட்டைக் கட்டட முதலாளிகளிடமிருந்து காக்கப் போய்த் தலையில் அடிபட்டார். காடு தப்பியது. சுமார் 1,000 ஹெக்டேர் காட்டின் நிழலில் அதன் ஓடைகள் இன்றும் ஓரளவு தெளிவாக ஓடுகின்றன. நைரோபியின் ஆறுகளுக்கு இதுவரை நடந்த நன்மைகளில் நிலைத்து நின்றது எது என்று என்னைக் கேட்டால் கரூராவைத்தான் சொல்வேன். அங்கே யாரும் ஆற்றைத் தூர்வாரவில்லை, கரையை அழகுபடுத்தவில்லை. தண்ணீர் வரும் நிலத்தைக் காப்பாற்றினார்கள்.

2008-ல் ஜான் மிசுகி சுற்றுச்சூழல் அமைச்சரானார். மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்துகளுக்கு இருக்கைப் பட்டையும் வேகக் கட்டுப்பாடும் கொண்டுவந்து நாட்டையே ஒழுங்குக்குக் கொண்டுவந்த அதே மிசுகி. குளோப் சினிமா ரவுண்டானாப் பக்கம் கரையை அடைத்திருந்த கடைகளையும் பட்டறைகளையும் அகற்றி, தூர்வாரி, மரம் நட்டார். நகர மையத்தில் ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. 2012 பிப்ரவரியில் அவர் காலமானார். வேலை தளர்ந்தது, மேலேயிருந்து வந்த கழிவு பழையபடியே வந்துகொண்டிருந்தது. அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. பூங்காவுக்குள் ஓடும் தண்ணீர்தான் மாறவில்லை. ஒரு மனிதரின் கண்டிப்பு கரையை மாற்றும். நாலு மைல் மேலே இருக்கும் உடைந்த குழாயை அது மாற்றாது.

2010-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதன் 42-வது பிரிவு சுத்தமான, நலமான சுற்றுச்சூழலை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியது. உரிமை மீறப்பட்டால் யாரும் நீதிமன்றத்துக்குப் போகலாம். தனக்கு நட்டம் ஏற்பட்டது என்று காட்டவேண்டியதுகூட இல்லை என்கிறது 70-வது பிரிவு. அதன்படி வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் நைரோபி, அத்தி ஆறுகளின் மாசை நிறுத்தவும் டான்டோராக் கிடங்கை வேறிடத்துக்கு மாற்றவும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. லாரிகள் இன்னும் டான்டோராவுக்கே போகின்றன.

2022 இறுதியில் நைரோபி ஆறுகளுக்கென்று தனி ஆணையம் அமைத்தார்கள். 2025 மார்ச்சில் சுமார் 5,000 கோடி ஷில்லிங் மதிப்பில் புதிய மீட்புத் திட்டம் தொடங்கியது. ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கட்டுதல், நடைபாதை, வீடுகள், கழிவுநீர்ப் பெருங்குழாய் எல்லாம் அதில் உண்டு. பல்லாயிரம் இளைஞர்களுக்குக் கூலி வேலை கிடைத்திருக்கிறது; வேலையில்லாத பகுதிகளில் அது சின்ன விஷயம் இல்லை. இந்தத் திட்டம் எப்படிப் போகும் என்று கணிக்க நான் பார்க்க நினைப்பது ஒன்றைத்தான். பெருங்குழாய் போட்ட பிறகு அதில் எத்தனை வீடுகளை இணைத்தார்கள்? பெருங்குழாய் ஆற்றோரமாகப் போகும். மத்தாரேயின் சந்துக்குள் இருக்கும் கழிப்பறைக்கும் அதற்கும் நடுவே இருக்கும் ஐம்பது மீட்டரை யார் தோண்டுவது, யார் செலவு செய்வது என்பதில்தான் இதற்கு முன்னால் வந்த திட்டங்களும் மாட்டிக்கொண்டன.

கொரோகோச்சோவில் 2017-ல் இளைஞர் குழு ஒன்று, கோம்ப் கிரீன் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில், தங்கள் பகுதிக் கரையிலிருந்த குப்பையைத் தாங்களே அள்ளத் தொடங்கியது. வழிப்பறிக்குப் பேர்போன அந்த இடம் இன்று ‘மக்கள் பூங்கா’. மூங்கில் நட்டிருக்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் சுத்தம் செய்த கரையை ஒட்டி ஓடும் தண்ணீருக்கு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள் என்பதால்தான் அவர்கள்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

முகுருவில் போட்ட சின்னக் குழாய்

தொழிற்பேட்டையை ஒட்டி, கோங் ஆற்றின் கரையில் முகுரு குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. லட்சக்கணக்கானவர்கள் வாழும் இடம். நிலமோ தனியார் பெயரில். அதனால் நகராட்சிக் குழாய் உள்ளே வரவில்லை. குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் முகுருக்காரர், குழாய் இணைப்பு உள்ள வீட்டுக்காரரைவிட ஒரு லிட்டருக்குப் பல மடங்கு அதிகம் கொடுக்கிறார். குடிசைவாழ் மக்களின் கூட்டமைப்பான முவுங்கானோ வா வனவிஜிஜி இதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் நின்ற பிறகு, 2017-ல் நைரோபி மாவட்ட அரசு முகுருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது.

அங்கே செய்தது எளிய வேலை. வழக்கமான பாதாள சாக்கடைக்கு அகலத் தெரு வேண்டும், ஆழத் தோண்ட வேண்டும். குடிசைச் சந்தில் அது நடக்காது. எனவே சிறிய விட்டமுள்ள குழாயை, ஆழம் குறைத்து, சந்து போகிற போக்கிலேயே வளைத்துக் கொண்டுபோய்ப் பெருங்குழாயில் சேர்த்தார்கள். யாருடைய கொட்டகை எத்தனை அடி நகர வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்களே உட்கார்ந்து பேசி முடிவுசெய்தார்கள். புல்டோசர் வரவில்லை. எல்லாச் சந்துக்கும் குழாய் எட்டிவிடவில்லை. போட்ட குழாயில் அடைப்பும் வருகிறது. பராமரிப்பு யார் பொறுப்பு என்ற சண்டையும் இருக்கிறது. ஆனாலும் நைரோபியின் ஆறுகளில் கழிவு இறங்குவதை அது தொடங்குகிற இடத்திலேயே நிறுத்திக் காட்டிய வேலை இது.

கீழே காத்திருப்பவர்கள்

நகரத்தை விட்டு வெளியேறியதும் ஆறு செத்துவிடுவதில்லை. திகா பக்கம் பதினான்கு அருவிகளில் விழும்போது வெள்ளை நுரை பொங்குகிறது. பார்க்க வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அதற்கும் கீழே மச்சாகோஸ், மாகுவேனி, கிடுயி மாவட்டங்கள். கம்பா மக்கள் வாழும், மழை குறைந்த, வறண்ட பகுதி. அங்கே அத்தி ஆறுதான் மாட்டுக்கும் மனிதருக்கும். பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள்.

அங்கே, அத்தி ஆறும் துவாகே ஆறும் கூடும் இடத்தில், 2018-ல் ஒரு பெரிய அணை கட்டத் தொடங்கினார்கள். துவாகே அணை. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் மட்டுமில்லாமல், அந்த வறண்ட மாவட்டங்களுக்கும் கொன்சா புதுநகரத்துக்கும் குடிநீர் தரவேண்டும் என்பது திட்டம். அணைக்கு வரும் தண்ணீரில் நைரோபியின் கழிவு கலந்திருக்கிறதே, அதைச் சுத்திகரித்துக் குடிக்க முடியுமா, எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி அணை எழும்போதே சேர்ந்து எழுந்துவிட்டது. முராங்கா மலையின் தண்ணீரை நைரோபி குடித்து முடித்து, ஆற்றில் விட்டு, அது ருவாயைக் கடந்து, அருவிகளில் விழுந்து, மாகுவேனியில் ஒரு வீட்டுக் குடத்தில் போய்ச் சேரப்போகிறது. அந்தக் குடத்துக்குச் சொந்தக்காரர்களை இதுவரை எந்த மீட்புத் திட்டத்தின் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காரவைத்ததாகத் தெரியவில்லை. முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.